கூனிக்கு வந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். மாதக்கணக்காக அப்படித்தான் நிற்கிறான். எத்தனை தடவை அனுப்பினாலும் செல்லின் சுவர் வரைக்கும் ஒழுங்காகப் போவான், அங்கேயே பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வான், உள்ளே மட்டும் போகமாட்டான்.

மாப்பிள்ளை என்பது அந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்துக்கு வைத்த பெயர். வைத்தவள் சொட்டு. சொட்டு என்பதும் பட்டப்பெயர்தான். கூடாமல் குறையாமல் மருந்தை அளந்து விடுகிறவள் என்பதால் வந்தது. வாழையைப் பிடிக்கிற வாடல் நோய், வாழையின் ஒரு ஜீனைத்தான் கதவாக வைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. அந்த ஜீனை நறுக்கிப் போட்டுவிட்டால் நோய்க்கு வழி கிடையாது. நறுக்குகிற கத்தரிதான் இந்தப் புரதம்.

கத்தரியைச் செய்யச் சொல்லும் ஜீனையே செடிக்குள் செருகிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். செருகியது செடியிலேயே தங்கிவிடும், அப்படித் தங்கிய செடியைத் தோட்டத்தில் நட அனுமதி கிடைக்காது. விதை போட்டு வளர்க்கிற பயிர் என்றால் அடுத்த தலைமுறையில் பிரித்துக் களைந்துவிடலாம். வாழைக்கு விதை ஏது, கன்றுதானே? அதனால் புரதத்தையே நேராக செல்லுக்குள் அனுப்ப வேண்டும். அது போய் நறுக்கிவிட்டுத் தானே கரைந்துவிடும். "நமக்கு வீட்டோட மாப்பிள்ளை வேண்டாம்டி. வந்தோமா, வேலையை முடிச்சோமா, போனோமான்னு இருக்கணும்" என்று சொட்டு சொன்ன நாளிலிருந்து அது மாப்பிள்ளை ஆகிவிட்டது. சுவரைத் தாண்டித் தள்ளிவிடுவதற்காக அதனுடன் கலந்து விடுகிற சின்னப் புரதத் துண்டுக்கு மாப்பிள்ளைத் தோழன் என்று பெயர்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்த காலம் ஒன்று இருந்தது. சொட்டுவின் தோழிக்கு, அந்த ஆராய்ச்சியையே கையில் எடுத்தவளுக்கு, இப்போது சிரிப்பு வருவதில்லை. ஆய்வகத்தில் அவளை டாக்டர் என்பார்கள். அவளுக்கு வேண்டியது அந்தப் பட்டமல்ல, அண்ணனின் தோட்டம்.

அண்ணன் வைத்திருந்த வாழைக்குக் கூனி என்று பெயர். குலை தள்ளியதும் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கும், அதனால் கூனி. பார்க்க லட்சணம் கிடையாது. ஆனால் அண்ணனின் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்த உப்பைக் குடித்துக்கொண்டு குலை தள்ளுகிற வாழை கூனி ஒன்றுதான். மற்றவர்களுக்கு நல்ல தண்ணீர் இருந்தது, அவரவர் வேறு ரகத்துக்கு மாறிவிட்டார்கள். கூனி மிஞ்சியது அண்ணனிடம் மட்டும். அதுவும் போய்விட்டால் அந்த நிலத்தில் முள்ளுச்செடிதான் முளைக்கும்.

நோய் முதலில் தோட்டத்தின் ஒரு மூலையில் வந்தது. மொத்தத் தோட்டத்தையும் வெட்டிப் புதைத்துவிடுங்கள் என்று சுற்றிலும் சொன்னார்கள். அது நியாயமான பேச்சுதான். இவள்தான் தடுத்தாள். ஆய்வகத்தில் குடுவைகளில் வளர்கிற செல்களெல்லாம் கூனியின் இளம்பூவிலிருந்து எடுத்தவை, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கன்றை வளர்த்தெடுக்கலாம். குடுவைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி பூ வேண்டும். "நோயான மரத்தை மட்டும் வெட்டுண்ணா. மத்ததை விட்டு வை. மாப்பிள்ளை உள்ள போற வரைக்கும்" என்றாள். தங்கச்சி சொல்லுக்கு மறுசொல் சொல்லத் தெரியாத மனிதர் விட்டு வைத்தார். காத்திருந்த காலத்தில் நோய் வரப்பைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பாதியைத் தின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் அண்ணனுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவள் பயந்த மாதிரியே ஆயிற்று. குடுவைகள் இருந்த அறையில் பூஞ்சை புகுந்து ஒவ்வொன்றாகக் கெட்டன. கூனியின் செல்லை உறைய வைத்து எடுத்தால் பிழைப்பதில்லை. அதையும் பார்த்துத் தோற்றாகிவிட்டது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு குடுவை.

அந்தக் குடுவையை வைத்துக்கொண்டு அன்று காலையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தோழனை இரட்டிப்பா விட்டுப் பாப்போமாடி?" என்றாள் அவள்.

சொட்டு நிமிர்ந்து பார்த்தாள். "செல்லு தாங்குமா?"

"தாங்கும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். வேற யாரு வந்து சொல்லப்போறாங்க?"

குடுவையில் இருந்ததைத் தட்டுகளில் பிரித்து, ஒரு பங்கை மட்டும் தொடாமல் தனியாக ஒதுக்கிவிட்டு மீதி எல்லாவற்றிலும் இரட்டிப்புத் தோழனோடு மாப்பிள்ளையை விட்டார்கள். தப்பாகிவிட்டால் மறுபடி தொடங்க ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது இந்தத் தொழிலில் பல் தேய்ப்பது மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை, செய்யாமல் இருப்பதுமில்லை. மாப்பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தெரிவதற்காக அவன்மேல் பச்சையாக ஒளிரும் ஒரு துண்டை முன்னமே ஒட்டியிருந்தார்கள்.

பிற்பகலில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் வழக்கமாகத் தெரிகிற மெல்லிய பச்சைக் கோடு இல்லை. செல் முழுக்கப் பச்சை. ஒரு செல் இல்லை, தட்டு முழுக்க.

"ஏய் சொட்டு! ஓடி வாடி! உள்ள போயிட்டான்டி!"

சொட்டு வந்து பார்த்தாள். "அடிப்பாவி!" என்றாள். அப்புறம் கையுறையோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓ என்று அழுதாள். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். இத்தனை நாள் துக்க வீடாகக் கிடந்த அறையில் அன்றுதான் கல்யாணக் களை வந்தது.

அந்தக் களையில்தான் புத்தி கெட்டது. ஒதுக்கி வைத்திருந்த தட்டைப் பார்த்து, "இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? எவ்ளோ செல் மாறுதோ அவ்ளோ கன்னு. இதையும் போட்டுடுடி" என்றாள் அவள். சொட்டு கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "சரி, எல்லாருக்கும் பந்தி போட்டுடலாம்" என்று சிரித்துக்கொண்டே அதிலும் விட்டுவிட்டாள்.

அலமாரியில் நீலச் சாயப் புட்டி இருந்தது. உயிருள்ள செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது, செத்த செல் விட்டுவிடும். ஒரு சிட்டிகை செல்லில் அந்தச் சாயத்தை விட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சொட்டு அதைக் கேட்கவும் செய்தாள்.

"நீலம் விட்டுப் பாத்துடலாமா?"

"ஒரு சிட்டிகைதான் வீணாகும். நாளைக்குப் பாத்துக்கலாம்டி."

சிட்டிகைக்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குப் பயம். நல்ல சேதி ஒன்று கையில் இருக்கும்போது அதைத் தட்டிப் பார்க்கிற தைரியம் அவளுக்கு அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

அண்ணனுக்கு போன் போட்டாள். "அண்ணா, மாப்பிள்ளை உள்ள போயிட்டான்."

"விளையாடாத" என்றார் அண்ணன்.

"என் கண்ணால பாத்தேண்ணா."

"அப்ப இனி கூனி இங்க நிக்கவேண்டாமா?"

"வேண்டாம். எல்லாத்தையும் வெட்டிடு. கிழங்கோட தோண்டி எடு. முளை ஒண்ணுகூட மிச்சம் இல்லாம நறுக்கிக் குழியில போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டி மூடிடு. கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் மருந்துத் தண்ணியில முக்கணும், மறந்துடாத. புதுக் கன்னு நான் தரேன்."

"இப்பவே போய்ப் பக்கத்துக்காரர்கிட்ட சொல்லிடறேம்மா" என்றார் அண்ணன். "மனுஷன் என் மூஞ்சியைப் பாத்துப் பேசி எவ்ளோ நாளாச்சு."

மறுநாள் காலை அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஆய்வகத்துக்குள் வந்தாள். தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பச்சை அப்படியே இருந்தது. ஒளியை மாற்றிச் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தாள்.

உயிருள்ள வாழைச் செல்லுக்குள் எப்போதும் ஓட்டம் இருக்கும். சின்னச் சின்ன மணிகள் சுவரோரமாக ஊர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. நேற்றுப் பச்சையைப் பார்த்த மயக்கத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை. இன்று பார்த்தாள். எதுவும் ஓடவில்லை. பக்கத்து செல், அதற்குப் பக்கத்து செல், தட்டின் அந்த ஓரம் வரை தேடினாள். எதிலும் அசைவே இல்லை.

நீலச் சாயத்தை எடுக்கும் அவசரத்தில் புட்டியைத் தட்டிவிட்டாள். சொட்டுதான் பிடித்து ஒரு துளி விட்டாள். செல்கள் நீலமாயின. ஒதுக்கி வைத்திருந்து கடைசியில் பந்தியில் சேர்த்த தட்டிலும் விட்டார்கள். அதுவும் நீலம்.

மாப்பிள்ளையை யாரும் உள்ளே அழைக்கவில்லை. இரட்டிப்பாக விட்ட தோழன் வீட்டில் இருந்தவர்களையே கொன்றுவிட்டான். ஆளில்லாத வீட்டுக்குள் அவன் சாவகாசமாக நடந்து போயிருக்கிறான். இதைப் பார்த்துத்தான் அவள் நேற்று கூவிக் கொண்டாடியிருக்கிறாள்.

"நான்தான்டி கொன்னேன்" என்றாள்.

"நானும்தான் விட்டேன். நானும்தான் சிரிச்சேன்" என்றாள் சொட்டு. பிறகு அவள் முகம் மாறியது. "ஏய், அண்ணன்!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது, அண்ணன் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற மனிதர். அண்ணியின் போன் அணைந்து கிடந்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டு அவள் தெருவுக்கு ஓடினாள்.

பஸ் கிடைத்தது. கிடைத்த பஸ் ஆடி அசைந்து போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டை ஏற்றினார்கள், மூட்டை இறக்கினார்கள். பாலத்துக்கு முன்னால் டிரைவர் இறங்கி யாரோ ஒருவரிடம் கதை பேச ஆரம்பித்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் வண்டியை எடுங்கண்ணே! அவசரம்!"

"என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் டிரைவர்.

வாழை மரத்தை வெட்டுகிறார்கள் என்றால் பஸ்ஸே சிரிக்கும். "ஆமா" என்றாள். டிரைவர் ஏறி வண்டியை விரட்டினார். ஒரு மரமாவது, ஒரே ஒரு மரமாவது நிற்கட்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தாள். யாரிடம் கெஞ்சுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் ஓடினாள். தோட்டத்து முனையில் அண்ணி வாளியோடு நின்றிருந்தாள்.

"வா வா! மாப்பிள்ளை வீட்டுக்காரி! ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று சிரித்தவள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றாள்.

இவள் நிற்காமல் உள்ளே போனாள். தோட்டம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கூனிகள் படுத்துக் கிடந்தன. நாலைந்து பேர் அவற்றைத் துண்டு போட்டுக் குழிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். குழியின் ஓரத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரே ஆட்களைக் கூட்டிக்கொண்டு விடியும்போதே வந்துவிட்டாராம். வரப்போரத்தில் ஒரு மரம் மட்டும், அடியில் இரண்டு கன்றோடு, இன்னும் நின்றிருந்தது. அண்ணன் அதை நோக்கிக் கத்தியோடு நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணா! வெட்டாத!"

அண்ணன் திரும்பினார். தங்கச்சியைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. "அட, நீயே வந்துட்டியா! பாத்தியா, ஒரே நாள்ல முடிச்சிட்டோம். கத்தியை ஒவ்வொரு வாட்டியும் முக்கினேன், வேணா அண்ணியைக் கேளு."

"செல்லு எல்லாம் செத்துப்போச்சுண்ணா."

"என்ன?"

"நேத்து நான் பாத்தது செத்த செல்லு. உயிரோட இருந்தா உள்ள விடாது. செத்ததாலதான் உள்ள போயிருக்கு. நான் சரியாப் பாக்கல. எல்லாமே போச்சு. ஆய்வகத்துல இனிமே கூனியே இல்லண்ணா. இது ஒண்ணுதான்." நின்றுகொண்டிருந்த மரத்தை அவள் கையால் காட்டினாள்.

இழுத்துக்கொண்டிருந்தவர்கள் துண்டுகளைக் கீழே விட்டுவிட்டு நின்றார்கள். அண்ணி மெல்ல வாளியைக் கீழே வைத்தாள்.

"சரியாப் பாக்க வழி இல்லையா?" என்றார் அண்ணன்.

"இருந்துச்சு. ஒரு சொட்டு சாயம் விட்டா தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏன் விடல?"

"பயந்துட்டேண்ணா. செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா உன்கிட்ட என்ன சொல்றதுன்னு பயந்துட்டேன்."

அண்ணன் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "இந்தக் கன்னை எடுத்துட்டுப் போயேன். குடுவையில வை" என்றார்.

"நோய் வந்த நிலத்துலேர்ந்து ஒரு இலையைக்கூட உள்ள விடமாட்டாங்க. இது இங்கேயே நிக்கணும். பூ விட்டு, நோய் இல்லேன்னு காட்டின பிறகுதான் எடுக்க முடியும்."

"அது வரைக்கும் நிக்கணும்." அண்ணன் வரப்புக்கு அப்பால் பார்த்தார். அங்கே பக்கத்துத் தோட்டத்தில் மிஞ்சிய பாதி நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர் கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு குழியைப் பார்த்தபடி நின்றார்.

அண்ணன் அவள் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதுல நோய் இல்லேன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா? இது நின்னா, நீ கன்னு குடுத்துடுவேன்னு நிச்சயமாச் சொல்லுவியா? சொல்லு. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா, நான் அவர் கால்ல விழுந்தாவது இதை நிக்க வைக்கிறேன்."

ஒரு வார்த்தைதான். நேற்று போனில் சளைக்காமல் எத்தனை வார்த்தை சொன்னாள்! ஆமாம் என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இலை பச்சையாக, மினுமினுப்பாக இருந்தது. கன்றுகள் இரண்டும் கொழுகொழுவென்று நின்றன. நோய் உள்ளே புகுந்த பிறகும் கொஞ்ச நாள் மரம் இப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை என்றைக்காவது உயிருள்ள செல்லுக்குள் போவானா என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

"தெரியாதுண்ணா" என்றாள்.

அண்ணன் தலையை ஆட்டினார். "இதை நேத்து சொல்லியிருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் குடுங்கன்னு அவர்கிட்ட கெஞ்சியிருப்பேன். இன்னிக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேப்பேன்? இந்த ஒண்ணாலதான் அவர் மிச்சமும் போச்சுன்னா?"

"என்னங்க, ஒண்ணே ஒண்ணுதானே…" என்று அண்ணி ஆரம்பித்தாள். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"குடுண்ணா. நான் வெட்டறேன்" என்றாள் தங்கச்சி.

"வேண்டாம். நீ முளையை விட்டுடுவே."

சுருக்கென்றது அவளுக்கு. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. அதை மனதில் வைத்துத்தான் கத்தியைக் கேட்டாள். கிழங்கில் ஒரு முளை தப்பினாலும் போதும், மண்ணைக் கீறிக்கொண்டு என்றைக்காவது வெளியே வந்துவிடும்.

அண்ணன் கத்தியை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். ஒரே வெட்டு, கூனி வரப்பின்மேல் சாய்ந்தது. கன்றுகள் இரண்டையும் வெட்டினார். பிறகு கடப்பாரையைப் போட்டுக் கிழங்கை நெம்பினார். மண்ணோடு பெயர்ந்து வந்த கிழங்கை அங்கேயே உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தார். நறுக்க நறுக்க அவர் தோள் குலுங்கியது. முகத்தைப் புறங்கையால் துடைத்தார், மறுபடி நறுக்கினார், மறுபடி துடைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்றார் கடைசியில். துண்டுகளை அவள் பக்கம் தள்ளினார். "நீ பாத்துச் சொல்லு. முளை ஏதாவது தப்பியிருக்கா?"

அவள் மண்ணில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து வேரை விலக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. பெரிய துண்டு ஒன்றின் அடியில், வேர்க் கொத்துக்குப் பின்னால், விரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு முளை இருந்தது. அது அடிபடவே இல்லை. அப்படியே குழிக்குள் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணனின் கண்ணில் இன்னும் நீர் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் குழிப்பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

அவள் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு வேரை ஒதுக்கிவிட்டு, முளை தெரியும்படி திருப்பி, அண்ணனுக்கு முன்னால் வைத்தாள்.

"இங்க ஒண்ணு இருக்குண்ணா" என்றாள்.